அத்தியாயம் 7: யார், எதை, எந்தத் தேதிக்குள்?

ஒரு மணி நேர மீட்டிங்குக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் இன்னொரு மணி நேரம் போய்விடும். அதனாலேயே பல அலுவலகங்களில் குறிப்பு எழுதப்படுவதே இல்லை. எழுதும் இடங்களில் அந்த வேலை இருப்பவர்களில் இளையவர் தலையில் விழுகிறது. அறையில் ஒரு பெண் இருந்தால் பெரும்பாலும் அவர் தலையில். கூட்டம் முழுக்க அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார், பேச வாய்ப்பே வராது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரை மீட்டிங்குக்குள் கொண்டுவர என்ன காரணம் என்று கேட்டால், நேர மிச்சத்துக்கு முன்பு நான் இதைத்தான் சொல்வேன்: குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து உட்கார்ந்து தன் கருத்தைச் சொல்ல முடியும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஜூமில் ஏஐ கம்பானியன், மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கோபைலட் இரண்டும் 2023இல் வந்தன. அடுத்த ஆண்டு கூகுள் மீட்டில் ஜெமினி குறிப்பெடுக்கத் தொடங்கியது. நேரில் கூடும் மீட்டிங் என்றால் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி என்று கைவசம் இருக்கும் ஒன்றிடம் கொடுக்கலாம். எது சிறந்தது என்று இங்கே ஒப்பிடப் போவதில்லை. இந்தப் புத்தகம் அச்சாகி வருவதற்குள் அந்த ஒப்பீடு பழசாகிவிடும். பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் பாருங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா? இருந்தால், பேச்சை எழுத்தாக்க மட்டுமா, சுருக்கம் எழுதவும் சேர்த்தா? பிறகு உங்கள் அலுவலகப் பேச்சிலேயே பத்து நிமிடத்தைப் பதிவு செய்து கொடுத்துப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் ஆங்கில மாதிரியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிழை எங்கிருந்து வருகிறது

உதவியாளர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் ஒலியை எழுத்தாக்குகிறது. அடுத்து அந்த எழுத்தைப் படித்துச் சுருக்குகிறது. முதல் கட்டத்தில் நுழைந்த தவறு இரண்டாம் கட்டத்தில் சுத்தமான வாக்கியமாக வெளியே வரும். படிப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

முதல் கட்டத்தில் நம் பேச்சுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மாதிரிக்கு (மாடல்) தமிழும் தெரியும். ஆனால் அதற்குப் பயிற்சியளித்த 6,80,000 மணி நேர ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். நம் மீட்டிங்கிலோ பாதி வாக்கியம் தமிழ், பாதி ஆங்கிலம், வினைமுற்று வட்டார வழக்கு. நிலைமை மேம்பட்டு வருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் அரசியலமைப்பு அட்டவணையிலுள்ள 22 இந்திய மொழிகளுக்கும் பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. இருந்தாலும் உங்கள் தொழிலின் சொற்கள் எந்த மாதிரிக்கும் சட்டென்று பிடிபடாது.

எண்கள் இன்னொரு கண்ணி. ‘ஒண்ணேகால் லட்சம்’, ‘ரெண்டரை டன்’, ‘முக்கால்வாசி முடிஞ்சுது’ என்றுதான் நாம் பேசுகிறோம். ஒண்ணேகால் லட்சம் என்பது 1,25,000 ஆகாமல் வெறும் ஒரு லட்சமாகப் பதிவானால் 25,000 ரூபாய் காகிதத்திலிருந்து காணாமல் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஆள் அடையாளம். தமிழில் ‘நான்’ என்று சொல்லாமலே பேசிவிடலாம். ‘நாளைக்கு அனுப்பிடறேன்’ என்றால் அனுப்புவது யார் என்பது பேசியவர் குரலை வைத்துத்தான் தெரியும். ஒரே மேசையில் ஒரே மைக்கைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தால் எந்தக் குரல் யாருடையது என்பதை இயந்திரம் மாற்றிப் போடும். வேலையும் தவறான ஆள் பெயரில் ஏறிவிடும். அதோடு, நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ‘அண்ணன் பாத்துக்குவாரு’, ‘மேடம்கிட்ட கேட்டுக்கலாம்’, ‘சார் ஓகே சொல்லிட்டாரு’ என்கிறோம். எந்த அண்ணன், எந்தச் சார் என்பது அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவுக்குத் தெரியாது.

மௌனமும் ஆபத்தானது. விஸ்பர் பற்றி 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் ஒரு சதவீதத்தில் யாருமே பேசாத சொற்றொடர்களும் வாக்கியங்களும் எழுத்தில் முளைத்திருந்ததைக் கண்டது. பேச்சுக்கு இடையே நீண்ட இடைவெளி விடுபவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. யாராவது கோப்பைத் தேடும்போதோ டீ வரும்போதோ பதிவை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் நீளம் எதிரி. மிக நீளமான எழுத்தைக் கொடுத்தால், முதலிலும் கடைசியிலும் இருப்பதைப் பயன்படுத்தும் அளவுக்கு நடுவில் இருப்பதை மொழி மாதிரிகள் பயன்படுத்துவதில்லை என்று 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதிய மாதிரிகள் இதில் முன்னேறியிருக்கின்றன. என்றாலும் இரண்டு மணி நேர மீட்டிங்கை ஒரே மூச்சில் கொடுக்காமல் பொருள்வாரியாகத் துண்டு போட்டுக் கொடுப்பது நல்லது.

திருப்பூர், ஒரு திங்கட்கிழமை

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஏற்றுமதி பனியன் நிறுவனத்தின் வாராந்திர ஆர்டர் மீட்டிங்கை வைத்துக்கொள்வோம். தேதி 5 ஜனவரி 2026. மேலாளர், மெர்ச்சண்டைசர், டையிங் பொறுப்பாளர் மூவரும் பேசுகிறார்கள். லேப் டிப் என்பது சாயப்பட்டறை சிறு துண்டில் செய்து பையருக்கு (வாங்குபவருக்கு) அனுப்பும் நிற மாதிரி. அதற்கு அப்ரூவல் வந்தால்தான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்ற முடியும்.

மெர்ச்சண்டைசர்: நேவி புளூ லேப் டிப்புக்கு இன்னும் அப்ரூவல் வரலைங்க. அவங்க ஆபீசு லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் தொறக்குறாங்க.

மேலாளர்: அப்ப டையிங் எப்பங்க?

டையிங் பொறுப்பாளர்: அப்ரூவல் வந்தா ஏத்திரலாமுங்க. பொங்கல் வேற வருது, ஆளுக ஊருக்குப் போயிருவாங்க. பொங்கல் கழிச்சுப் பாக்கலாமுங்க.

மேலாளர்: ஷிப்மென்ட் முப்பதாந்தேதிங்களே.

டையிங் பொறுப்பாளர்: பாத்துக்கலாமுங்க.

மேலாளர்: செரி, அடுத்து.

இதை அப்படியே கொடுத்து ‘சுருக்கித் தா’ என்று மட்டும் சொன்னால் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘நேவி புளூ துணிக்கான சாயமேற்றும் பணியைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்க முடிவு செய்யப்பட்டது. ஜனவரி 30 ஷிப்மென்ட் தேதியைக் கடைப்பிடிப்பதாக டையிங் பொறுப்பாளர் உறுதியளித்தார்.’

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, யாரும் உறுதி தரவும் இல்லை. சாயம் ஏற்றுவது பையரின் அப்ரூவலைப் பொறுத்தது என்ற நிபந்தனை சுருக்கத்தில் காணாமல் போயிற்று. ‘பொங்கல் கழிச்சு’ என்றால் திருப்பூரில் ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வந்த பிறகு என்று பொருள். பொங்கல் 15ஆம் தேதி வியாழக்கிழமை. ஆட்கள் முழுசாக வந்து சேர அதற்கு அடுத்த வாரமும் ஆகலாம். அதன் பிறகு சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடித்து முப்பதுக்குள் அனுப்ப முடியுமா என்பதுதான் அங்கே பேசியிருக்க வேண்டிய கேள்வி. மேலாளர் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். சுருக்கமோ அதற்குப் பதிலே கிடைத்துவிட்டதாகக் காட்டுகிறது.

ஷிப்மென்ட் தள்ளிப்போய் விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் செலவு யார் தலையில் விழும்? அப்போது இந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுவார்கள். டையிங் பொறுப்பாளர் பெயருக்கு எதிரே ‘உறுதியளித்தார்’ என்று இருக்கும். வாயால் பேசியது அன்றே மறந்துபோகும், எழுத்து நிற்கும். அதிகாரம் குறைந்தவர்தான் இப்படிப்பட்ட எழுத்துக்கு முதலில் பலியாகிறார். இயந்திரச் சுருக்கத்தைச் சரிபார்க்காமல் சுற்றுக்கு விடுவதை நான் ஒரு நியாயப் பிரச்சினையாகவே பார்க்கிறேன்.

சரிசெய்ய வேண்டிய இடம் மீட்டிங்கேதான்

பலரும் இதற்கு மருந்தைச் செயலியில் தேடுகிறார்கள், விலை கூடிய சந்தா வாங்குகிறார்கள். நல்ல சுருக்கம் மீட்டிங் நடக்கும்போதே உருவாகிறது. பேசாத முடிவை எந்தக் கருவியும் எழுத முடியாது. தெளிவாகப் பேசிய முடிவைச் சாதாரணக் கருவிகூடத் தவறவிடாது.

ஆகவே ஒவ்வொரு பொருளும் முடியும்போது ஒருவர் அதை வாய்விட்டு முடித்து வைக்க வேண்டும். மேலே உள்ள பேச்சில் மேலாளர் ‘செரி, அடுத்து’ என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லியிருந்தால் போதும்: ‘செரி, இப்படிக் குறிச்சுக்கலாங்களா? நேவி புளூ டையிங் தேதி இன்னும் முடிவாகலை. மெர்ச்சண்டைசர் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பையர்கிட்ட அப்ரூவல் கேட்டு மெயில் போடறாங்க. டையிங்ல எத்தனை ஆளு பொங்கலுக்கு இருப்பாங்கன்னு ஏழாந்தேதி புதன்கிழமைக்குள்ள சொல்றாங்க. முப்பதாந்தேதி முடியுமாங்கறத அன்னைக்குப் பேசிக்கலாம்.’ அரை நிமிடம்கூட ஆகாது. இதில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருக்கிறது. முடிவாகாதது எது என்பதும் இருக்கிறது. பொறுப்பாளர் ‘புதன்கிழமை முடியாதுங்க’ என்று மறுக்கவும் இடம் இருக்கிறது.

கடைசி ஐந்து நிமிடத்தில் இவை எல்லாவற்றையும் ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுங்கள். நம் அலுவலகங்களில் பெரியவர் முன்னால் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார்கள். வெளியே வந்த பிறகு வராந்தாவில் சொல்வார்கள். வராந்தாப் பேச்சு எந்தச் சுருக்கத்திலும் ஏறாது. தன் பெயரும் தேதியும் சத்தமாகப் படிக்கப்படும்போது பலருக்கு அங்கேயே வாய் திறக்கும்.

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பிரிவையும் சொல்லட்டும். குரலை அடையாளம் காண அது உதவும். வேலை ஒப்படைக்கும் நேரத்தில் மட்டுமாவது ‘அண்ணன்’ என்பதோடு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மரியாதை குறையாது.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

உதவியாளரிடம் ‘சுருக்கித் தா’ என்று கேட்காதீர்கள். கூட்டத்தின் தேதி, கிழமை, கலந்துகொண்டவர்கள், தொழிற்சொற்கள் எல்லாவற்றையும் முதலில் கொடுங்கள். தேதி தெரியாவிட்டால் ‘வர்ற வெள்ளி’ எது என்று இயந்திரம் ஊகிக்கத் தொடங்கும். கீழே உள்ளதை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

‘இது 5 ஜனவரி 2026, திங்கட்கிழமை நடந்த ஆர்டர் மீட்டிங்கின் எழுத்துப்பதிவு. பேசியவர்கள்: மேலாளர், மெர்ச்சண்டைசர், டையிங் பொறுப்பாளர். வரக்கூடிய சொற்கள்: லேப் டிப், ஜிஎஸ்எம், காம்பாக்டிங், பையர், ஷிப்மென்ட். மூன்று பகுதியாக எழுது: முடிவானவை, இன்னும் முடிவாகாதவை, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே, அது பேசப்பட்ட வாக்கியத்தைப் பதிவில் உள்ளபடியே தா. அப்படி வாக்கியம் இல்லாவிட்டால் அதை முடிவு என்று எழுதாதே. பார்க்கலாம், பாத்துக்கலாம், யோசிக்கலாம், கேட்டுச் சொல்றேன் போன்றவற்றை முடிவாகாதவற்றில் சேர். பொறுப்பு யாருக்கு என்பது தெளிவில்லாவிட்டால் ஊகிக்காமல் “பொறுப்பு தெளிவில்லை” என்று எழுது. எண்களை இலக்கத்தில் எழுது. உறுதியில்லாத எண்ணுக்கு அருகில் கேள்விக்குறி இடு.’

இதில் உயிரான வரி, பேசப்பட்ட வாக்கியத்தைக் கேட்பது. அது சரிபார்க்கும் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. முடிவு மேலே, ஆதாரம் கீழே. இரண்டும் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் இயந்திரம் ஆதார வாக்கியத்தையே இட்டுக்கட்டுவதும் உண்டு. ஆகவே முக்கியமான ஒன்றிரண்டையாவது மூலப் பதிவில் தேடிப் பாருங்கள்.

முடிவாகாதவை என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அடுத்த மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரல் அங்கேதான் இருக்கிறது.

சரிபார்த்தல்

சரிபார்ப்பவர் கூட்டத்தில் இருந்தவராக இருக்க வேண்டும். அன்றே பார்க்க வேண்டும்; இரண்டு நாள் கழிந்தால் சுருக்கத்தைப் படித்து அதையே நினைவாக எடுத்துக்கொள்வோம். முழுப் பதிவையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. பெயர், எண், தேதி, ‘இல்லை’ என்ற சொல், நிபந்தனை ஆகியவற்றை மட்டும் பாருங்கள். ‘வரலை’ என்பது ‘வந்தது’ ஆகியிருக்கிறதா, ‘வந்தா’ என்ற நிபந்தனை விழுந்துபோயிருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். பிறகு கலந்துகொண்டவர்களுக்கு அனுப்பி, மறுநாள் மாலைக்குள் திருத்தம் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

சட்டப்படி எழுத வேண்டிய மினிட்ஸ் இதில் சேராது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி இயக்குநர் குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் 30 நாளுக்குள் பதிவேட்டில் ஏற வேண்டும். கம்பெனிச் செயலாளர்களுக்கான தரநிலை, வரைவை 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்பி, அவர்கள் கருத்துச் சொல்ல ஏழு நாள் தர வேண்டும் என்கிறது. அந்த வரைவை எழுத உதவியாளரின் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுதுவதும் கையொப்பமிடுவதும் மனிதர் பொறுப்பு.

எங்கே பதிவு செய்யக் கூடாது

பதிவை இயக்குமுன் எல்லோரிடமும் கேளுங்கள். ‘ரெக்கார்டிங் ஓடுது’ என்று திரையில் வருவது கேட்டதாக ஆகாது. நம் நாட்டில் 2023இல் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிறவர்கள் அங்குள்ள சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஒருவரின் தனிப்பட்ட பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கலிஃபோர்னியாவில் இரகசியமான உரையாடலைப் பதிவு செய்ய, பேசும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

சம்பளம், உடல்நிலை, ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசும் அறைக்குள் உதவியாளரைக் கூட்டிப் போகாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் விசாரணையில் வேண்டவே வேண்டாம். அதற்கென உள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியே தெரியப்படுத்துவதைத் தடை செய்கிறது.

ஒலி எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2023இல் சாம்சங் நிறுவன ஊழியர்கள் உள் விவகாரங்களைச் சாட்ஜிபிடியில் உள்ளிட்டதாகத் தென்கொரிய ஊடகங்கள் எழுதின. அதில் ஒருவர் செய்தது, மீட்டிங் பதிவை எழுத்தாக்கி மினிட்ஸ் தயாரிக்கக் கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. இலவசக் கணக்கில் கொடுப்பது மாதிரியின் பயிற்சிக்குப் போகக்கூடும். அமைப்புகளில் அதை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக வேலைக்கு அலுவலகக் கணக்கையே பயன்படுத்துங்கள். ஒலி வெளியே போகவே கூடாது என்றால் விஸ்பர் போன்றவற்றை உங்கள் கணினியிலேயே நிறுவி எழுத்தாக்கிக்கொள்ளலாம்.

தானாகவே எல்லோருக்கும் மெயில் அனுப்பும் வசதியை முதல் நாளே அணைத்து வையுங்கள். வாடிக்கையாளர் விடைபெற்ற பிறகு நம்மவர்கள் விலையைப் பற்றிப் பேசிக்கொள்வது வழக்கம். உதவியாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சும் சுருக்கத்தில் ஏறி வாடிக்கையாளர் மெயில் பெட்டிக்கே போய்ச் சேரும்.

இந்த வாரம் ஒரு சிறிய மீட்டிங்கில் தொடங்குங்கள், நாலைந்து பேர் இருந்தால் போதும். சம்மதம் கேளுங்கள், ஒவ்வொரு முடிவையும் வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள், அன்றே சரிபாருங்கள். சுருக்கத்தின் அடியில் சரிபார்த்தவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயர் இல்லாத சுருக்கத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்; உங்களுக்கு வந்தால், சரிபார்த்தது யார் என்று கேட்டு எழுதுங்கள்.